மதியம் ஒரு மணி இரைச்சல்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். நீங்களும் அப்பாவும் நலம்தானே?

நான் ஏசி பழுதுபார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில், பிரபஞ்சம் பிறந்த காலத்தில் கிளம்பி இன்னும் மிச்சமிருக்கும் மெல்லிய அலைகளை ஆண்டெனா வைத்துப் பிடிக்கிறார்கள். போன வாரம் தினமும் மதியம் ஒரு மணிக்கு அதில் இரைச்சல் குறுக்கிட்டது. போனின் அலை குறுக்கிடும் என்பதால் உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. காவலாளி எங்கள் பைகளைக் குடைந்தார். வெல்டிங் பொறியால் வரும் இரைச்சலோ என்று அங்கே வேலை செய்யும் வெல்டரை நான் சந்தேகப்பட்டேன். அவர் என்னை முறைத்தார். கடைசியில் வெல்டரை வேலையைவிட்டு அனுப்பப் போவதாகப் பேச்சு வந்தது. அன்று மாலை, சத்தத்தை அணைத்து டூல்பாக்ஸின் அடியில் ஒளித்திருந்த என் போனை எடுத்து, அழைப்புகள் வந்த நேரங்களை அப்போதுதான் கவனித்தேன். தினமும் சரியாக ஒரு மணிக்கு உங்கள் மிஸ்டு கால்! நேரே விஞ்ஞானி மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

"யாருப்பா தினமும் கூப்பிடுறது?"

"எங்கம்மாங்க. சாப்பிட்டியான்னு கேக்கத்தான்."

"நாங்க பிரபஞ்சத்தோட குரல்னு நெனச்சோம்பா," என்று சிரித்தார். என்னை எச்சரித்து விட்டுவிட்டார்கள், கவலைப்படாதீர்கள்.

ஆனால் அம்மா, ஞாயிறு மட்டும் கூப்பிடும் நீங்கள் ஏன் தினமும் கூப்பிட்டீர்கள்? கேட்டால் "சும்மாதாம்பா" என்கிறீர்கள். அந்தச் சும்மாவை நான் நம்பவில்லை. அப்பாவைத் தன் கையால் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்