பேர் கேட்காத அறை

இன்று மதியம் உன் நம்பரிலிருந்து எனக்குப் போன் வந்தது.

கல்லூரி கேன்டீனில் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். திரையில் நீ. ஹெல்மெட்டைக் கழற்றாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாயே, அந்தப் படம். கையிலிருந்த கோழிக்கால் நழுவித் தட்டில் விழுந்தது. ஒரு நொடி நீதான் கூப்பிடுகிறாய் என்றே நம்பிவிட்டேன். எடுத்தால் உன் அம்மா. உன் போனை அவர்தான் வைத்திருக்கிறார், ரீசார்ஜ்கூடத் தவறாமல் செய்கிறார். ஆனால் அதிலிருந்து யாரையும் கூப்பிட்டதில்லை. இன்று ஏன் கூப்பிட்டார் என்பதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் பிரியாணியைப் பற்றிப் பேசாவிட்டால் நீ கோபித்துக்கொள்வாய். வாசனை இன்னும் என் விரலில் இருக்கிறது.

நம் கேன்டீனில் வெள்ளிக்கிழமை தோறும் பிரியாணி போடுவது ஏதோ ஆதிகாலத்து வழக்கம் என்று இப்போது படிக்கிற பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குக் காரணம் நாம் இரண்டு பேரும்தான் என்று சொன்னால் நம்பவா போகிறார்கள்? நான் இன்று நம் சைபர் பாதுகாப்பு லேபுக்குப் பொறுப்பாளர், கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. மரியாதை கருதி நம்புவது போல நடிப்பார்கள், அவ்வளவுதான்.

அந்த லேபை நீ இப்போது பார்க்க வேண்டுமே! முதல் மாடி, ஏசி, வரிசையாகப் புதுக் கம்ப்யூட்டர்கள், சுழலும் நாற்காலிகள். நம் காலத்தில் அது சிவில் துறையின் கான்கிரீட் சோதனைக் கூடத்துக்குப் பின்னால் இருந்த குடோன். பக்கத்து அறையில் கான்கிரீட் கட்டிகளை மெஷினில் வைத்து நசுக்குவார்கள், நம் மேஜையெல்லாம் அதிரும், விசைப்பலகையில் சிமெண்ட் தூசி படியும். சைபர் பாதுகாப்பு என்று பாடத்திட்டத்தில் ஒரு தாள் இருந்தது. புத்தகத்தில் படம் பார்த்துப் படித்தோம். "நீச்சலைக் கரும்பலகையில எழுதிப் போட்டா தண்ணில மெதக்க முடியுமா மச்சி?" என்று கேட்டவள் நீ. அம்பத்தூர் எஸ்டேட்டில் குட்டியானை லோடு வண்டி ஓட்டும் உன் மாமாவிடமிருந்து, ஒரு அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர்களை ஏறக்கட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு வந்தவளும் நீதான். துறைத் தலைவர் மேடத்திடம் கடிதம் வாங்கிக்கொண்டு போனோம். தங்கள் தகவல் வெளியே போய்விடக் கூடாது என்று ஹார்ட் டிஸ்க்கை எல்லாம் கழற்றிக்கொண்டுதான் கொடுத்தார்கள். எனக்கு அழுகை வந்தது. உனக்கோ குஷி. "பார்த்தியா, அவுங்களே நமக்கு மொத பாடம் எடுத்துட்டாங்க" என்றாய். பிறகு ஆளுக்கொரு பென் டிரைவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தோம். அதைச் செருகினால்தான் கம்ப்யூட்டர் உயிர் பெறும்.

மூலையில் ஒரு கம்ப்யூட்டர், அடி வாங்குவதற்கென்றே. வேண்டுமென்றே ஓட்டைகளோடு அமைத்தது. வெளியுலக இணையத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எத்தனை முறை உடைத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அதற்கு 'மாமே' என்று பெயர் வைத்தாய். "மாமே உள்ள பூந்தவங்க, பூந்த ஓட்டையை அடைச்சிட்டுத்தான் ஊட்டுக்குப் போவணும்" என்பது உன் சட்டம். பிள்ளைகள் உடைப்பதில் காட்டிய உற்சாகத்தை அடைப்பதில் காட்டமாட்டார்கள். நீ கதவை மறித்துக்கொண்டு நிற்பாய்.

நூம்பலில் உன் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. எனக்கு அப்பா வாங்கிக் கொடுத்த லேப்டாப் இருந்தது. அந்தக் குடோன் எனக்கு விளையாட்டு, உனக்கு அது மட்டும்தான் கல்லூரி. இதை நான் அப்போதே தெரிந்துவைத்திருந்ததால்தான், பின்னால் நீ செய்ததற்கு உன்னை அப்படித் திட்டினேன்.

உபயோகமாக ஏதாவது செய்து காட்டினால்தான் அறை நிலைக்கும் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். போலி மின்னஞ்சலுக்கு எத்தனை பேர் ஏமாறுகிறார்கள் என்று சோதிக்கலாம் என்றோம். தீயணைப்பு ஒத்திகை மாதிரி என்றதும் அவர் கையெழுத்துப் போட்டார். என்ன தூண்டில் போடுவது? நான் தேர்வு, வருகைப் பதிவு என்று ஏதேதோ சொன்னேன். நீ என்னைப் பரிதாபமாகப் பார்த்தாய். "கோயில்பட்டி, உனக்கு மன்சங்கள பத்தி ஒண்ணுந் தெரில" என்றாய். நான் வந்த ஊரின் பெயரையே எனக்குப் பெயராக வைத்திருந்தாய்.

'கேன்டீன் ஆண்டு விழா. இன்று மதியம் சிக்கன் பிரியாணி இலவசம். பதிவு செய்யக் கீழே அழுத்தவும்.'

அழுத்தியவர்களுக்கு ஒரு பக்கம் திறக்கும். 'இது பயிற்சி. ஏமாந்துவிட்டீர்கள், பரவாயில்லை. இனி இப்படிப் பார்த்தால் எங்களிடம் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தோம். எல்லாவற்றையும் யோசித்தோம். ஒன்றைத் தவிர. அழுத்தி ஏமாந்தவர்கள் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. பிரியாணிக்கு ஆசைப்பட்டு அசடு வழிந்ததை வெளியே சொல்ல யாருக்கு மனசு வரும்? இதற்குள் அந்த அறிவிப்பை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட, அது வகுப்புக்கு வகுப்பு பறந்தது. மதிய மணி அடித்ததும் கேன்டீன் வாசலில் தொடங்கிய வரிசை சைக்கிள் ஸ்டாண்டு வரை போனது. உடற்கல்வி ஆசிரியர் டிபன் கேரியரோடு நின்றார்!

கேன்டீன் அண்ணனின் முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கையில் கரண்டி, பின்னால் ஒரு அண்டா எலுமிச்சை சாதம். "இன்னாபா இது, எனுக்கே தெரியாம எனுக்கு ஆண்டு விழாவா?" என்று அலறினார். நீ தூணுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாய். நான் பயத்தில் உன் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அரைமணி நேரத்தில் பிரின்சிபால் அறையில் நின்றோம். அவர் சிரிக்கவில்லை.

"யார் யார் கிளிக் பண்ணாங்க? ஸ்டாஃப் பேரெல்லாம் எனக்கு வேணும். நோட்டீஸ் போர்டுல போடுறேன். அப்பத்தான் புத்தி வரும்."

"பேர் இல்ல சார்" என்றாய்.

"இல்லையா, குடுக்க மாட்டியா?"

"எடுத்தே வெக்கல சார். எத்தினி பேருன்னு மட்டுந்தான் எண்ணிக்கிட்டோம்."

"அப்ப எதுக்கு இந்தக் கூத்து? பேர் குடுத்தா லேப் இருக்கும். இல்லைன்னா இன்னிக்கே பூட்டிடுவேன்."

திரும்ப ஒருமுறை அனுப்பிப் பெயரோடு எடுத்துத் தருகிறோம் என்று சொல்லிவிடுவாய், தப்பித்துவிடுவோம் என்று நான் நினைத்தேன். நீ நிமிர்ந்து நின்றாய். "சார், ஏமாந்ததுல ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லியிருந்தாகூட அந்த வரிசையே நின்னுருக்காது. வெக்கப்பட்டுக்கினு சும்மா இருந்தாங்க. பேர போர்டுல போட்டா, நாளிக்கு நெஜத் திருடன் வந்தா யாரு சார் நம்மகிட்ட வந்து சொல்லுவாங்க?"

"சாவி" என்று அவர் கையை நீட்டினார். கொடுத்துவிட்டாய்.

வேலப்பன்சாவடி பஸ் நிறுத்தத்தில் உன்னைத் திட்டித் தீர்த்தேன். "ஒனக்கென்ன கிறுக்காட்டி? நாளைக்கு எதுல படிப்ப?" என்று கத்தினேன். அப்போதுதான் அம்மாவைப் பற்றிச் சொன்னாய். நீ முதலாண்டு படிக்கையில், பேங்கிலிருந்து பேசுவதாக ஒருவன் சொல்ல, அம்மா போனுக்கு வந்த ஓடிபி எண்ணைப் படித்துக் காட்டிவிட்டார். பேக்கிங் கம்பெனியில் நின்று நின்று சேர்த்த பணம் போய்விட்டது. உடனே சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாம். தெருவே சிரிக்கும் என்று பயந்து வாரக்கணக்கில் யாரிடமும் மூச்சு விடவில்லை. "சோறு சரியா துன்னாம, ஒடம்பு சரியில்லன்னு பொய் சொல்லிக்கினு படுத்துனு இருந்துச்சு மச்சி. திருடனவன் தைரியமா சுத்துறான், எங்கம்மா தல குனிஞ்சினு கீது. அத நான் இன்னொருத்தருக்குப் பண்ணுவனா?" என்றாய். பூந்தமல்லி பஸ் வந்து போய்விட்டது. ஏறத் தோன்றவில்லை எனக்கு.

அறை பூட்டியே கிடந்தது. நீ என் லேப்டாப்பைத் தொட மறுத்தாய், திமிர் பிடித்தவள். கேன்டீனில் உட்கார்ந்து தாளில் நிரல் எழுதிப் பார்த்தாய். அப்படி ஒரு மதியம், கணக்குப் பிரிவிலிருந்து ஒரு அக்கா ஓடி வந்தார்.

"நீங்கதானே அந்த பிரியாணிப் பொண்ணுங்க? உங்ககிட்ட சொன்னா பேரு வெளிய வராதுல்ல?"

"வராதுக்கா, சொல்லுங்க."

பேங்கிலிருந்து வந்தது போலவே ஒரு மின்னஞ்சல். காலேஜ் கணக்கின் பாஸ்வேர்டை அதில் அடித்துவிட்டார். அடித்த கையோடு சந்தேகம் வந்து, நேராக நம்மிடம் ஓடி வந்திருக்கிறார். மறுநாள் சம்பள நாள்.

நீ பாதித் தட்டை அப்படியே விட்டு எழுந்தாய். ஓடிக்கொண்டே பேங்குக்குப் போன் போடச் சொன்னாய். அவர் மேஜைக் கம்ப்யூட்டரின் இணைய ஒயரைப் பிடுங்கினாய், வேறொன்றிலிருந்து பாஸ்வேர்டை மாற்ற வைத்தாய். பேங்க்காரர்கள் கணக்கை நிறுத்தி வைத்துவிட்டுச் சொன்னார்கள்: பணத்தை எடுக்கும் முயற்சி அப்போதுதான் தொடங்கியிருந்ததாம். ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. அந்த அக்கா நாற்காலியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். நீ அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "உடனே வந்து சொன்னீங்க பாருங்க, நீங்க கில்லிக்கா" என்றாய்.

பிரின்சிபால் மறுபடியும் கூப்பிட்டார்.

"யாரு அது?"

"அத மட்டும் கேக்காதீங்க சார்."

கணக்குப் பிரிவில் இருப்பதே மூன்று பேர். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நம்மைப் பார்த்தார், மேஜை டிராயரைத் திறந்தார், சாவியை எடுத்து வைத்தார். "நான் கேக்கல. ஆனா அடுத்த வாட்டி உப்புமான்னு போடுங்கம்மா. ஒருத்தனும் வரமாட்டான்" என்றார். வெளியே வந்ததும் நாம் வராந்தாவில் குதித்த குதியில் கீழே வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். கேன்டீன் அண்ணனும் சும்மா இல்லை. அந்த வரிசையைப் பார்த்த வியாபாரி அல்லவா? அடுத்த வெள்ளியே நிஜமாகப் பிரியாணி அண்டாவை ஏற்றிவிட்டார், காசுக்குத்தான்.

படிப்பு முடிந்து அம்பத்தூரில் உனக்கு வேலை கிடைத்ததும், நீ முதலில் சோதிக்கத் தொடங்கியது உன் அம்மாவைத்தான். என்னை பேங்க் மேனேஜராகப் பேச வைத்தாய். குரலைக் கனமாக்கிக்கொண்டு, "வணக்கம், நாங்க பேங்க்ல இருந்து பேசுதோம்" என்றேன். "இன்னா கோயில்பட்டி, சாப்ட்டியா?" என்றார் அம்மா. உன் மாமாவைப் பேச வைத்தாய், அவரும் மாட்டிக்கொண்டார். கடைசியில் நீயே ஆபீசிலிருந்து கூப்பிட்டாய். "யம்மா, அவசரம், உன் போனுக்கு ஒரு நம்பர் வந்துக்கும், சொல்லு" என்றாய். அம்மா கடகடவென்று வாசித்துவிட்டார்.

"அம்மா ஃபெயில்!" என்று கத்தினாய். "நானே கேட்டாலும் குடுக்காதன்னு சொன்னனா இல்லியா?"

"பெத்த பொண்ணு கேட்டா எப்டிடி குடுக்காம இருக்கறது?" என்றார் அம்மா. எத்தனை மாதம் கழித்துச் சோதித்தாலும் அதே பதில்தான், அதே ஃபெயில்தான். ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன் போட்டுச் சொல்லிச் சிரிப்பாய்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி வரவில்லை. அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்கு உன்னை ரொம்பத் தேடுகிறதடி, அவ்வளவுதான்.

புது லேபில் சுவர் முழுக்க எழுத இடம் இருந்தும் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன்: 'இங்கே பேர் கேட்க மாட்டோம்.' மாமே இன்னும் மூலையில் அடி வாங்கிக்கொண்டிருக்கிறது. நான் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். வாட்ச்மேன் வந்திருக்கிறார், பேராசிரியர் வந்திருக்கிறார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைக்கிறேன். அந்தப் பழைய குடோன் சாவி இன்னும் என் சாவிக்கொத்தில் கிடக்கிறது. அதற்குப் பூட்டு இல்லை. நான் அதைக் கழற்றப் போவதும் இல்லை.

சரி, இப்போது அம்மா.

"கோயில்பட்டி, என் போன்ல ஒருத்தன் லைன்ல கீறான். உடாம புட்ச்சி வெச்சிருக்கேன். அதான் இவ போன்லேந்து பேசறேன்" என்றார். குரலில் பதற்றமே இல்லை, மீன் பிடித்தவரின் உற்சாகம். உன் பெயரில் இன்சூரன்ஸ் பணம் வந்திருக்கிறதாம், போனுக்கு வந்த எண்ணைச் சொன்னால் கணக்கில் போட்டுவிடுவானாம். உன் பெயரைச் சொல்லியா கேட்டான், பாவி!

"நம்பர் சொல்லிட்டீங்களாம்மா?"

"கேளு. உம்பொண்ணுக்காகவாவது சொல்லும்மான்றான். அடப் போடா, எம்பொண்ணே கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு எம்பொண்ணு சொல்லிக்கீதுடான்னேன். சரியா கண்ணு?"

அழுதேனா சிரித்தேனா தெரியாது, கேன்டீன் அண்ணன் கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்.

அம்மா பாஸ் ஆயிட்டாங்கடி.