விளக்கெண்ணெயும் என் ஒரே என்ஜினும்

செப். 8, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். சாயம் போட்ட அரக்கு நிற நூல் இன்னும் காயவில்லை. தறிக்காரர் இரண்டு முறை போன்.

நேற்று களம்பூர் தாண்டி, தரிசில், ரிமோட்டில் பறக்கிற குட்டி விமானம் விடப் போயிருந்தேன். கிளப் செயலாளர் தாமோதரன் என் என்ஜினைத் திறந்து பார்த்தார். உள்ளே பழுப்பாகப் பிசின். எரிபொருள் மெத்தனாலில் வழவழப்புக்கு விளக்கெண்ணெய் கலந்து ஓட்டினால் அப்படித்தான் படியும். எல்லார் முன்னாலும்: "வெளிநாட்டு ஆயில் ஊத்துங்க மேடம். இல்லாட்டி இங்க வராதீங்க. விளக்கெண்ணெய வெச்சிகினு பிளேன் வுட வந்துட்டாங்க." ஒரே சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அதுதான் இப்போது எரிகிறது.

வாங்க மாட்டேன். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தது சுவரில் மாட்டவா? பிசின் பிடிக்காத மாதிரி வி.எண்ணெயை நானே மாற்றுகிறேன்.

செப். 9

நல்ல வெயில். மாற்றின வி.எண்ணெய் நம் சாயப்பட்டறையிலேயே இருக்கிறதே! டர்க்கி ரெட் ஆயில். சாயம் சீராக ஏறத் தொட்டியில் ஊற்றுவது. மெத்தனாலில் சட்டென்று கரைந்தது. மொட்டை மாடியில் என்ஜினைப் பலகையில் முடுக்கி ஓட்டினேன். புகைக்குழாயில் வெள்ளை நுரை, ஆனாலும் ஓடியது. கீழேயிருந்து இவர்: "தெருவே எழுந்து வந்துடும் போல கீது. ஜல்தி நிறுத்து!" நிறுத்தவில்லை.

செப். 11, வியாழன்

அழுதேன். யாரும் படிக்கப் போவதில்லை, எழுதி வைக்கிறேன். பேரிங் சொரசொர. துரு. டர்க்கி ரெட்டில் தண்ணீர், உப்பு எல்லாம் உண்டு. நூலுக்குச் சரி, இரும்புக்கு ஆகாது. தினம் புழங்கும் கேன், ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். படித்த முட்டாள். இருப்பதே ஒரு என்ஜின்.

"வுட்டுத் தொலையேன், இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்றார் இவர். பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வேலூரிலிருந்து புது பேரிங்கோடு வந்தார். "ஒண்ணும் கேக்காத."

செப். 13, சனி

வாங்க வேண்டியது: கல் உப்பு, காபித்தூள், மல்துணி.

வி.எ. + மெத்தனால் + கொஞ்சம் காஸ்டிக் சோடா. தெளிந்ததும் உப்புத் தண்ணீரில் கழுவினேன், திரும்பத் திரும்ப. பிறகு சூடாக்கி ஈரத்தைப் போக்கினேன். இந்த முறை ஈரத்தில் ஏமாற மாட்டேன். கொழகொழப்பு போய் மெலிதாகிவிட்டது. இது பாதி, சாதா வி.எ. பாதி. மெத்தனாலில் கலந்து, புது பேரிங் மாட்டி, மாடியில் ஒரு டாங்க் ஓட்டம். பேரிங் வழவழ. பிசின் இல்லை. ஒரு டாங்க்தான், ரொம்ப ஆட வேண்டாம்.

இடுப்பு வலி.

செப். 14, ஞாயிறு

போனேன். டர்க்கி ரெட் கதை, புது எண்ணெய் இரண்டையும் நானே முதலில் சொல்லிவிட்டேன். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன்.

தாமோதரன்: "மேல போயி என்ஜின் நின்னுச்சின்னா இனி கிளப் பக்கம் வரக் கூடாது. சம்மதமா?"

"ஓடிச்சின்னா?"

"ஓடாதுங்க." தன் கேனை நீட்டினார். "இத ஊத்திக்கோங்க. வீம்பு வேணாம்."

கேனைத் தொடவில்லை.

விமானத்தைக் கிளப்பினேன். ஏறியது. ஒரு வட்டம். இன்னொன்று. பின்னால் தாமோதரன், "நின்னுடும், பாரு, நின்னுடும்" என்று ஜபம். டாங்க் தீரும் முன் இறக்கினேன். தரையிலும் உறுமிக்கொண்டே இருந்தது. எல்லாரும் கிட்டே வந்து பார்க்கிற வரை ஓட விட்டேன்.

அப்புறம் நான்தான் நிறுத்தினேன்.