அண்ணன் கையில் இருந்த முத்திரை

பிப்ரவரி 11, செவ்வாய்

பக்கத்து வீட்டம்மா இன்றும் மாடிப்படி ஏறி வந்தார். ரோஜா மொட்டு விட்டு விட்டு உதிர்கிறதாம், என்ன உரம் போடலாம் என்று கேட்டார். வாசலில் ‘நிலவடிவமைப்பு அலுவலகம்’ என்று இத்தனை பெரிய பலகை தொங்குகிறது. இந்தத் தெருவுக்கு நாங்கள் இன்னமும் தோட்டக்காரர்கள்தான். அண்ணன் கோபப்படவில்லை. “மண்ணை எங்க வெட்டணும், எங்க கொட்டணும், மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடணும், மரம் எங்க நிக்கணும்னு வரைஞ்சு குடுக்கறதுதாம்மா எங்க வேலை” என்று பொறுமையாக விளக்கினான். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “அதெல்லாம் சரிப்பா, ரோஜாவுக்கு என்ன போடட்டும்?” என்றார். எனக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

உரிமப் பரீட்சைக்கு இந்த மாதக் கடைசிக்குள் பதிய வேண்டும். நாலாவது தாள் மட்டும் பாக்கி, நிலமட்டமும் வடிகாலும். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவை எழுதப்போவதில்லை. நான் வரைகிறேன், அண்ணன் சரிபார்க்கிறான், தன் முத்திரையைக் குத்திக் கையெழுத்துப் போடுகிறான். உரிமம் யார் பெயரில் இருந்தால் என்ன? இதைச் சொன்னால் “சோம்பேறி எலிவால்” என்பான். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் என் பின்னலுக்கு வைத்த பெயர். எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது, இன்னும் விட மாட்டேன் என்கிறான்.

பிப்ரவரி 20, வியாழன்

பள்ளிக்கூட மைதான வரைபடம் அண்ணன் மேசையிலிருந்து திரும்பி வந்தது. முழுக்கச் சிவப்புப் பென்சில்.

முதலில் என் மேல்தான் சந்தேகப்பட்டேன். மூன்று முறை பார்த்தேன். வகுப்பறைகளுக்குப் பின்னால் சரிவு. அந்தத் தண்ணீரை ஓரமாக வாங்கிக்கொண்டு போக ஒரு வாய்க்கால் வைத்திருந்தேன். வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கிற கோடுகள் வாய்க்காலைக் கடக்கும்போது மேட்டுப் பக்கம் முனையாக வளையும்; அண்ணன் ஒவ்வொரு கோட்டின் முனையையும் தலைகீழாகத் திருப்பியிருக்கிறான். அவன் திருத்தியபடி மண் வேலை செய்தால் வாய்க்கால் இருக்க வேண்டிய இடத்தில் மேடு வரும். மழை பெய்தால் ஒன்றாம் வகுப்பு வாசலில் தண்ணீர் கட்டி நிற்கும்.

இது முதல் வருஷப் பிள்ளைகள் செய்கிற தப்பு. நான் கல்லூரியில் படித்தபோது இதைச் சொல்லித் தந்ததே அவன்தான். “முனை மேட்டைப் பாத்தா ஓடை, பள்ளத்தைப் பாத்தா மேடு. இதுல குழம்பினா ஊரை வெள்ளத்துல மூழ்கடிச்சுடுவே எலிவால்” என்பான்.

கவனம் எங்கேயோ இருந்திருக்கும். நாளைக்குக் கேட்டால் அவனே தலையில் அடித்துக்கொள்வான்.

பிப்ரவரி 21, வெள்ளி

அடித்துக்கொள்ளவில்லை. “எனக்கே பாடம் எடுக்கறியா?” என்று கத்தினான். பென்சில் சுவரில் போய் விழுந்தது. அண்ணன் என்னிடம் குரல் உயர்த்தியதே கிடையாது. கல்யாணம் முறிந்து பெட்டியோடு வந்து நின்ற அன்றுகூட ஒரு வார்த்தை கேட்காமல் மேசையில் இடம் ஒதுக்கித் தந்தவன்.

பத்து நிமிஷம் கழித்து வந்து, “அந்தப் பள்ளிக்கூட வரைபடம் முடிஞ்சுதா, குடு பாக்கறேன்” என்றான். கத்தினது அவனுக்கு ஞாபகமே இல்லை. நடிக்கவில்லை. நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், நடிக்கவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

பரீட்சைக்குப் பதிந்துவிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 14, வெள்ளி

அண்ணியிடம் வாயைத் திறந்தேன். கீழே சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் பாதி சொல்வதற்குள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“போன மாசம் நம்ம தெருமுனையிலேயே நின்னுட்டு எனக்குப் போன் பண்ணினாரு. எந்தப் பக்கம் திரும்பணும்னு கேட்டாரு. விளையாடறாருன்னு நினைச்சேன்.”

“ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?”

“சொல்லிட்டா நிஜமாயிடும்னு பயமா இருந்துச்சும்மா.”

இரண்டு பேரும் அழுதோம். அண்ணன் உள்ளே வந்து, “வெங்காயத்துக்கு ரெண்டு பேரா?” என்று கிண்டல் செய்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் போனான்.

மார்ச் 27, வியாழன்

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. மறதி நோய், ஆரம்பக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. இந்த வயதில் வந்தால் வேகமாகப் போகுமாம். அண்ணன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாகக் கேட்டான். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: “நான் வரையலாமா டாக்டர்?”

“தாராளமா வரையுங்க, நல்லது. ஆனா உங்க கையெழுத்தை நம்பி யாராவது கட்டறாங்கன்னா, அந்தக் கையெழுத்து வேண்டாம்.”

வண்டியில் அண்ணன் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது பேசு, ஏதாவது கிண்டல் பண்ணு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே வந்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இதை எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பள்ளிக்கூடத் தலைமையாசிரியை காலையில் போன் செய்தார். லீவு முடிவதற்குள் மண் வேலை முடிய வேண்டும், முத்திரையிட்ட வரைபடம் இந்த வாரமே வேண்டும் என்றார். அண்ணி மெதுவாகச் சொன்னார்: “நீதானே வரையறே, நீதானே சரிபாக்கறே. அவரு முத்திரை குத்தப் போறாரு, அவ்வளவுதானே? காட்டற இடத்துல குத்துவாரு. உனக்கு உரிமம் வர்ற வரைக்கும் இப்படியே ஓட்டலாமே.” அண்ணியைக் குறை சொல்ல மாட்டேன். என் மனசுக்குள் ஒரு வாரமாக ஓடிக்கொண்டிருந்ததைத்தான் அவர் வாயால் சொன்னார்.

சரியான வரைபடத்தை அண்ணன் முன்னால் விரித்தேன். முத்திரையைக் கையில் எடுத்தான். குத்துவதற்கு முன்னால் நிறுத்தி, “இதை நான் பாத்தேனா?” என்று கேட்டான்.

முத்திரை என்றால் அதுதான் அர்த்தம். இது என் கண் முன்னால், என் பொறுப்பில் வரையப்பட்டது என்று அர்த்தம். எத்தனையோ அலுவலகங்களில் கண்ணை மூடிக்கொண்டு குத்துவார்கள். அண்ணன் ஒரு தடவைகூட அப்படிக் குத்தியதில்லை. எல்லாம் மறந்துபோகிறது, இது மறக்கவில்லை!

“பாத்தே அண்ணா” என்றேன்.

“நீ சொன்னா சரி” என்று குத்திவிட்டான். கோணாமல், மூலையில், அளவெடுத்த மாதிரி. குத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

என் அறைக்குப் போய் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். சீ, என்ன ஜென்மம் நான்! அவனை ஏமாற்ற எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையே.

ஏப்ரல் 9, புதன்

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். வாய்க்கால் மேடான கதை, மருத்துவர் சொன்னது, நேற்று நான் சொன்ன பொய், எதையும் பூசி மெழுகவில்லை. பழைய சிவப்புப் பென்சில் தாளையும் காட்டினேன்.

தாளைக் கையில் வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தான். “இது என் கையா?” என்றான். ஆமாம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். அப்பா போனபோதுகூட அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, “பேப்பர் எடு” என்றான். உரிமக் குழுவுக்கு அவன் சொல்லச் சொல்ல நான் கடிதம் எழுதினேன். உடல்நிலை காரணமாக உரிமத்தை ஒப்படைக்கிறேன், முத்திரை இத்துடன். அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிட்டு, “நல்ல வேளை நீ பாத்தே. புள்ளைங்க தண்ணில நின்னிருக்கும்” என்றான்.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் மேசை இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தான். “எலிவால், என் முத்திரை எங்க?”

நேற்று நடந்தது எதுவும் இல்லை அவனுக்கு. ஒன்றுமே நடக்கவில்லை.

மறுபடி உட்கார வைத்து முதலிலிருந்து சொன்னேன். மறுபடி “இது என் கையா?” என்றான். மறுபடி அழுதான். முதல் தடவை கேட்கிறவன் எப்படி அழுவானோ அப்படித்தான் அழுதான். கடைசியில் அதே வார்த்தை: “நல்ல வேளை நீ பாத்தே.”

கடிதமும் முத்திரையும் இருந்த உறையை ஒட்டி அனுப்பிவிட்டு வந்தேன். இனி யோசிக்கக் கூடாது. பள்ளிக்கூட வேலையை அண்ணனோடு படித்த நண்பர் ஒருவர் எடுத்துக்கொண்டார். தானே இடத்தைப் பார்த்து, தானே அளந்து, முழுக்கத் தானே சரிபார்த்த பிறகுதான் குத்துவேன் என்றார். அப்படித்தான் செய்ய வேண்டும் சார் என்றேன்.

மே 17, சனி

பரீட்சை முடிந்தது. கடைசிக் கேள்வி ஒரு சரிவு, ஒரு கட்டடம், ஒரு வாய்க்கால். நல்லா விளையாடறாங்க என்னோடு.

ஜூன் 30, திங்கள்

தேறிவிட்டேன்.

அண்ணனிடம் சொன்னேன். நாற்காலியை விட்டு எழுந்து என் தலையில் கையை வைத்தான். “பாத்தியா, நான் சொன்னேன்ல!” சாப்பிடும்போது மறுபடி சொன்னேன், மறுபடி அதே சந்தோஷம். சாயங்காலம் இன்னொரு தடவை சொன்னேன், என் ஆசைக்காக. இந்தப் பாழாய்ப்போன நோயில் இது ஒன்றுதான் லாபம் என்று அண்ணியிடம் சொன்னேன். அண்ணியும் சிரித்தார், எத்தனை நாள் கழித்தோ.

மூன்றாவது தடவை அண்ணன், “அப்ப இனிமே இந்த ஆபீஸ்ல ரெண்டு முத்திரை!” என்றான். சொல்லிவிட்டு இழுப்பறையைத் திறந்தான். “என்னோடது எங்க?”

மறுபடி சொன்னேன். நான் தேறிய நாளில்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தினமும் காலையில் கேட்கிறான். தினமும் சொல்கிறேன்.

“ஏதாவது ஒரு பொய் சொல்லேம்மா, தினம் தினம் அவரை அழ வைக்கணுமா?” என்றார் அண்ணி. நியாயம்தான். முத்திரையில் ரப்பர் தேய்ந்துவிட்டது, மாற்றக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அழவில்லை. சாப்பிடக்கூடப் போகாமல் மாடிப்படி வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து எட்டிப் பார்த்தான். எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்பது மறந்த பிறகும் எதற்கோ காத்திருந்தான். அதைப் பார்க்க முடியவில்லை. அழுதாலும் பரவாயில்லை, உண்மையே போதும்.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று என் பெயரில் முதல் வரைபடம், ஓர் ஆஸ்பத்திரி முற்றம். முத்திரை கோணலாக விழுந்தது. அண்ணன் பார்த்தால் விட மாட்டான் என்று நினைத்தேன். பார்த்தான், தாளை அப்படியே திருப்பித் தந்தான்.

செப்டம்பர் 18, வியாழன்

கத்திவிட்டேன். “எத்தனை தடவைடா சொல்றது!” என்று. அண்ணனை ‘டா’ போட்டு.

“முன்னாடியே கேட்டுட்டேனா?” என்றான் பாவமாக. “தப்பா எடுத்துக்காதே எலிவால்.”

நாசமாப் போறவ நான். கேட்டா என்ன, ஆயிரம் தடவை கேக்கட்டுமே. என்ன தேஞ்சா போயிடுவேன்? ஆனா ஒரு நாள், ஒரே ஒரு நாள், காலைல இதைச் சொல்லாம வேலையை ஆரம்பிக்கணும்னு இருக்கு. அவ்வளவுதான் நான் கேக்கறது.

அக்டோபர் 6, திங்கள்

காலையில் அண்ணனை அண்ணி கையைப் பிடித்து மேலே கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டுப் போனார். ராத்திரி சரியாகத் தூங்கவில்லையாம். நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். வழக்கமான வார்த்தைகள், வழக்கமான வரிசை. இழுப்பறைப் பக்கம் அவன் திரும்பவில்லை.

வேலையைத் தொடங்கினேன். ஓடவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சாந்தமாக உட்கார்ந்திருந்தான்.

மதியத்துக்கு மேல் பொறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி முற்றத்து வரைபடத்தை அவன் முன்னால் விரித்து, சிவப்புப் பென்சிலையும் வைத்தேன். தப்பாகவாவது திருத்து, எனக்கு அது போதும் என்றிருந்தது. பென்சிலைத் தொடவில்லை. சரிவுக் கோடுகளின் மேல் விரலை ஓட்டினான், துணியில் போட்ட பூவேலையைத் தடவிப் பார்ப்பதுபோல.

“ரொம்ப அழகா இருக்கும்மா. நீங்க வரைஞ்சீங்களா?”

நீங்க என்றான். என்னை.

என் இழுப்பறையிலிருந்து முத்திரையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். “அண்ணா, முத்திரை எங்கன்னு கேக்க மாட்டியா? கேளுண்ணா. தினம் கேப்பியே.”

திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என் கையை விரித்து அதை வைத்து, என் விரல்களை மூடிவிட்டான்.

“எனக்கு எதுக்கும்மா இது? நீங்களே வச்சுக்குங்க.”