படை திரும்பிய பிறகு ஒலித்த போன்

பெரம்பலூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள பூவிழிக்கு,

நானும் அம்மாவும் உடம்புக்கு நலம், மனதுக்குத்தான் உட்கார இடமில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் அதுவும் சரியாகிவிடும். முதலில் உறுதியான செய்தி. என் கடிதமும் ஆட்டப் பதிவு பற்றிய குறிப்பும் கிடைத்தன, பரிசீலிக்கிறோம் என்று போட்டிக் குழுவிடமிருந்து இன்று காலை மின்னஞ்சல் வந்தது. அதற்குமேல் ஒரு வரி இல்லை. முடிவு வரும்வரை போன் வேண்டாம் என்று நீ சொன்னதால் இதை மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

உன் கணினிப் போர் விளையாட்டின் அரையிறுதி அன்று இங்கே நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. பாடாலூரிலிருந்து உன் மகேஷ் மாமாவும் வந்திருந்தான். டி.வி.யில் அந்தச் சிவப்புக் கோள் முழுவதும் எங்களுக்குத் தெரிந்தது. உனக்கோ உன் படை நிற்கும் இடம் தவிர மற்றதெல்லாம் இருட்டு. அது அம்மாவுக்கும் தெரியும், தெரிந்ததுதான் வினை. எதிராளியின் வண்டிகள் பள்ளத்தாக்கு வழியாக உன் சுரங்கத்துக்குப் பின்னால் ஊர்ந்து வந்ததும் எழுந்து நின்றுவிட்டாள். "புள்ள அந்தப் பக்கம் பாக்கவே இல்லியே" என்றாள். "அக்கா, ஒக்காரு, நீ என்ன சேனாதிபதியா" என்று மகேஷ் கேலி செய்தான். நான் தடுப்பதற்குள் போன் போட்டு, நீ எடுத்ததும் "பின்னால வர்றான் பாரு பாப்பா" என்று கத்திவிட்டாள். சற்றைக்கெல்லாம் டி.வி.யில் உன் படை திரும்பியது. வீடே கைதட்டியது. அதோடு விட்டிருக்கலாம், மகேஷ் இணையத்தில் அந்த ஆட்ட வீடியோவின் கீழேயே "எங்க அக்கா போன் போட்டுக் காப்பாத்துச்சு" என்று பெருமையாக எழுதிவைத்தான். அதைத்தான் மொழிபெயர்த்து, உனக்கு வெளியாள் உதவி கிடைத்தது என்று எதிர்த்தரப்பு புகார் கொடுத்திருக்கிறது. புகாரை ஏற்றால் வெற்றி போவதோடு ஓராண்டுத் தடையும் வரும் என்கிறார்கள்.

நேற்று ஆண்டிமடத்துக்கு பத்திரிகைக்கு முந்திரி விளைச்சல் செய்தி சேகரிக்கப் போயும், பாதிப் பேட்டியில் மின்னஞ்சலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "முன்னாடியே பாத்துட்டேம்பா" என்று நீ சொன்னதை நம்பினேன், ஆனால் நம்பிக்கை வேறு, ஆதாரம் வேறு. அதனால்தான் குழுவுக்கு எழுதுமுன்பே பதிவை மறுபடி போட்டுப் பார்த்தேன். வண்டிகள் வருகின்றன, உன் படை திரும்புகிறது, அடித்து முடிக்கிறது. அதற்கும் பிறகுதான், உன் முகம் தெரியும் ஓரத்துச் சின்னக் கட்டத்தில், நீ போனைக் காதில் வைத்து முகம் சுளிக்கிறாய். நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்ததில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. யாரும் இப்படிச் சொல்லிக்கொடுக்கக் கூடாதென்றே ஒளிபரப்பைச் சில நிமிடம் தாமதித்து அனுப்புவார்களாம். நாங்கள் பதறியபோது நீ அதைக் கடந்துவிட்டிருந்தாய். அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "அப்ப நான் கத்துனது வீணா" என்றாள். பிறகு அவளே, "வீணாவே இருக்கட்டும்" என்று சொல்லி எழுந்துபோனாள். எழுதியதை அழித்துவிடட்டுமா என்று மகேஷ் கேட்டான், அழித்தால்தான் சந்தேகம், இருக்கட்டும் என்றேன். நீயும் போன் எடுத்ததை மறைக்காதே. ஆட்ட நேரத்தில் எடுத்தது தவறுதான், அதற்கான கண்டிப்பை வாங்கிக்கொள், செய்யாததற்குத் தலை குனியாதே.

மனம் தளராமல் நீடூழி நன்றாயிரு அம்மா. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. முடிவு சனிக்கிழமை மாலைக்குள் வரும் என்று குழுவின் இணையதள அறிவிப்பில் இருக்கிறது, இறுதி ஆட்டம் ஞாயிறு. நீ ஆடுவதானால் அம்மா தன் போனை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் டி.வி. முன்னால் உட்காருவாளாம். என் போனை யாரிடம் கொடுப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை.

உன் அப்பா,
அன்பழகன்