கொடி இறங்கிய நேரம்

ஏழாங்கட்டைத் தோட்டம், ஈப்போ
8-9-1929, ஞாயிறு

அன்பும் மரியாதையும் உள்ள என் வீட்டுக்காரருக்கு நவமணி எழுதுவது. நானும் பிள்ளையும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. ஹுத்தான் மெலிந்தாங்கில் உங்கள் அக்கா வீட்டில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? ஆலிஸுக்குக் கீழ்ப்பல் இரண்டு வந்துவிட்டது. கண்டதையெல்லாம் கடிக்கிறாள்.

சின்ன துரை விழுந்து செத்துப் பதினாறு நாள் ஆகிறது. இன்னும் ஊர் வாய் ஓயவில்லை. எஞ்சின் இல்லாத ஏரோப்ளேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு, லாரியில் கயிறு கட்டி இழுக்கச் சொன்னால் விழாமல் என்ன செய்யும் என்கிறார்கள் கடையில். கயிற்றை விடுவிக்கிற கொக்கி இறுகிவிட்டது என்கிறார் ஈப்போவிலிருந்து வந்த ஒரு துரை. றெக்கைப் பலகை மழையில் ஊறியிருந்தது என்கிறான் தச்சுவேலை செய்த சீனன். முனியாண்டிக்குத் தேங்காய் உடைக்கவில்லையே என்கிறாள் இருளாயி. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாரோ, லாரி ஓட்டின என் அண்ணன் குடித்திருந்தார் என்று எழுதியே கொடுத்துவிட்டார். பாஸ்கல் அண்ணன் கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஆள் என்று உங்களுக்குத் தெரியாதா?

அண்ணனைப் பத்துகாஜா ஊர் ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். சொன்னதையே சொல்கிறார். முன்னால் பார்த்து ஓட்டுகிறவனுக்குப் பின்னால் பறப்பது தெரியாது, எதிரே நிற்கிறவன் கையில் கொடி மேலே இருக்கும்வரை ஓட்டு, இறங்கினால் நிறுத்து என்றுதான் சின்ன துரை சொன்னார், கொடி இறங்கியது, நிறுத்தினேன் என்கிறார். கொடி பிடித்த நீங்கள், இறக்கவே இல்லை என்று போலீஸில் சொல்லிவிட்டு மறுநாளே அக்கா வீட்டுக்குப் போய்விட்டீர்கள். திடலில் நாற்பது பேர் நின்றும் ஒருத்தருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அந்த நேரம் பார்த்துத்தானே பெரிய துரையின் கார் திடலுக்குள் வந்தது. அத்தனை பேரும் குடையை மடக்கி, தலைத்துண்டை அவிழ்த்து, காரைப் பார்த்துக் குனிந்து சலாம் போட்டார்கள்.

நான் குனியவில்லை. இடுப்பில் பிள்ளை இருந்தாள். அதோடு, புதுச் சட்டையில் கொடியைப் பிடித்து நீங்கள் நின்ற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களும் சலாம் போட்டீர்கள். கொடி பிடித்த கைதான் நெற்றிக்கு இறங்கியது. லாரி நின்றது. தென்னை உயரத்துக்கு மூக்கைத் தூக்கி ஏறிக்கொண்டிருந்த ஏரோப்ளேன், இழுவை போனதும் ஒரு நொடி அப்படியே நின்று, தலைகுப்புற வந்தது.

அதற்காக எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. அந்தக் கார்ச் சத்தம் கேட்டால் கை தானாகப் போகும். போன வருஷம் அந்தக் காரைக் கண்டும் சைக்கிளை விட்டு இறங்காததற்குச் சன்னாசி வாங்கின உதையை நாம் இரண்டு பேரும் பார்த்தோமே. சலாம் போட்டதால்தான் என்று சொன்னால் பெரிய துரையையே குற்றம் சொன்ன மாதிரி ஆகும், லயத்து வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்று பயந்துவிட்டீர்கள். பயப்படாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் பயம்தான். ஆனால் அதற்கு என் அண்ணனையா பிடித்துக் கொடுப்பது? உங்களுக்கு மலேரியா கண்டபோது ஆஸ்பத்திரிவரை தோளில் தூக்கிக்கொண்டு ஓடினவர் ஐயா அவர். எனக்கு அலுத்துவிட்டது. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஈப்போ கோர்ட்டில் விசாரணை. என் பேரையும் சாட்சிக்குக் கொடுத்துவிட்டேன். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லப்போகிறேன். எனக்கு முன்னால் உங்களைத்தான் கூப்பிடுவார்களாம். நீங்களே சொல்லிவிட்டால், லயம் போனாலும் மூன்று பேருமாக எங்கேயாவது பிழைத்துக்கொள்ளலாம். நீங்கள் வராமல் நான் சொல்லும்படி ஆனால், அப்புறம் நாம் ஒருவர் முகத்தில் ஒருவர் எப்படி விழிப்பது?

தெலுக் ஆன்சன் வந்தால் அங்கிருந்து ஈப்போவுக்கு ரயில் இருக்கிறது. மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வியாழக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஈப்போ ஸ்டேஷனில் நிற்பேன். கடைசி வண்டி வரும்வரை நிற்பேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவியான
நவமணி