இரண்டு மைக்கும் ஸ்தமாத்தியா அக்காவும்

அன்புள்ள அப்பாவுக்கு, தெசலோனிக்கியிலிருந்து ஸோர்னித்சா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இங்குள்ள ஜாஸ் குழுவில் இடம் கிடைக்காவிட்டால் ஊர் திரும்புவதாகச் சொல்லியிருந்தேனே, அந்தக் குழுவுக்கு அனுப்ப வீட்டிலேயே சாக்ஸபோன் வாசித்துப் பதிவு செய்தேன். இரவல் வாங்கிய இரண்டு மைக்கில், கண்டென்சர் மைக் நான் மூச்சிழுப்பதைக்கூடப் பிடித்தது. ரிப்பன் மைக்கில் ஒலி கனிந்து வந்தது. எதை அனுப்புவது என்று குழம்பியபோது எதிர்வீட்டு ஸ்தமாத்தியா அக்கா கதவைத் தட்டினார். சத்தத்துக்காகத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, முந்திக்கொண்டு இரண்டு பதிவையும் கேட்க வைத்தேன்.

“ரெண்டாவது அழகாத்தான் இருக்கு. ஆனா யாரு வாசிச்சாலும் அப்படித்தான் இருக்கும். மொதல்ல உள்ளதுல நீ மூச்சு வாங்குறது கேக்குது. அத அனுப்புடி,” என்றார்.

அதையே அனுப்பினேன். இடம் கிடைத்துவிட்டது அப்பா.

நீங்களும் அம்மாவும் சாப்பிடும்போது பேசுவதைப் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். என்ன பேசினாலும் சரி, சண்டையானாலும் சரி. புது ஹெட்போன் வாங்கியிருக்கிறேன், அதைச் சோதித்துப் பார்க்கத்தான்.

ஒத்திகைக்கு நேரமாகிறது.

உங்கள் மகள்,
ஸோர்னித்சா