அக்கா கட்டிக் கொடுத்த பெட்டிகள்

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்த அன்றே காற்றும் பிறந்துவிட்டது. கொடியில் கிடந்த என் பாவாடை பக்கத்து வீட்டு மாடியில் போய் விழுந்து, அதைக் கேட்டு வாங்கி வருவதற்குள் மானம் போய்விட்டது.

மத்தியானம் குமரவேல் பெங்களூரிலிருந்து போன் செய்தான். சுதந்திர தினத்தை ஒட்டி எங்களைக் கப்பலில் கூட்டிப் போகப் போகிறானாம். சென்னைத் துறைமுகத்தில் ஏறினால் மூன்று இரவு கடலில் சுற்றிவிட்டுச் சென்னையிலேயே இறக்கிவிடுவார்களாம். நான், அவன் அப்பா, அவன், மருமகள் சித்ரலேகா. "எறங்கதுக்கு ஊரே இல்லாத பயணமாலே?" என்று இவர் கேட்டார். அடுத்த நிமிடமே கப்பல் எத்தனை டன், உள்ளே கரண்டு எப்படி வருகிறது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்த மனுஷன், வேறு என்ன கேட்பார்.

"பெரியம்மாவுக்கும் சேத்துப் போடட்டுமாம்மா?" என்றான் குமரவேல்.

"அவ வர மாட்டாலே. முழங்கால் வலி. கேட்டுட்டேன்" என்றேன்.

கேட்கவில்லை. முழங்கால் வலி என்னவோ உண்மைதான்.

ஜூலை 20, ஞாயிறு

அக்கா வழக்கம்போல டவுணிலிருந்து பத்து மணி பஸ்ஸில் வந்து, சாப்பிட்டு, தூங்கி, ஐந்து மணிக்குப் போனாள். கப்பல் பேச்சை நான் எடுக்கவில்லை. இவர் எடுக்கப் பார்த்தார். ரசம் விடவா என்று கேட்டுத் தடுத்துவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

குமரவேல் வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறான். கப்பலுக்கு என்னென்ன எடுத்து வர வேண்டும், என்னென்ன கூடாது என்று. எடுத்துவர வேண்டியதில் நீச்சல் உடை இருக்கிறது. எடுத்துவரக் கூடாததில் என் முறுக்கு இருக்கிறது. வெளிச் சாப்பாடு எதற்கும் அனுமதி இல்லையாம். ஒரு நாள் ராத்திரி விருந்துக்குப் பகட்டாக உடுத்த வேண்டுமாம், இன்னொரு நாள் எல்லாரும் வெள்ளையில் வர வேண்டுமாம். மூன்று நாளைக்கு எத்தனை தடவைதான் மாற்றுவது?

படித்துப் பார்த்துத் தலை சுற்றியது. எனக்குப் பெட்டி கட்டத் தெரியாது. எங்கள் வீட்டில் எந்தப் பயணமானாலும் அக்காதான் கட்டுவாள். பெண்கள் விடுதியில் இருபத்தெட்டு வருடம் வார்டனாக இருந்தவள். நாற்பது பெண்களை மைசூருக்குக் கூட்டிப் போய் ஒரு சீப்புகூடத் தொலையாமல் திரும்பி வந்தவள். வேறு வழியில்லாமல் போன் செய்தேன்.

"அக்கா, குமரவேல் கப்பல்ல கூட்டிட்டுப் போறான்க்கா. பதினாலாந் தேதி. நாம எங்க இப்பிடியெல்லாம் போயிருக்கோம்! ஒரு ஞாயித்துக்கிழம வந்து பெட்டி கட்டணும் நீ."

"கப்பல்லயா ஏட்டி!" என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பட்டியலை முழுக்க வாசித்துக் காட்டினேன்.

ஜூலை 27, ஞாயிறு

அக்கா இன்று வரவில்லை. ரத வீதியில் ஏதோ வாங்க வேண்டியிருக்கிறதாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எப்படி எழுத.

அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ஒரு புதுப் பெட்டி. மெரூன் நிறம், நாலு சக்கரம். வாசலிலிருந்து நடுவீடு வரைக்கும் ஒற்றை விரலால் உருட்டிக்கொண்டு வந்தாள். "பாத்தியா ஏட்டி, அறுவத்திரண்டு வயசுல முத சக்கரப் பெட்டி."

எங்களுக்காக வாங்கியிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். திறந்து காட்டினாள். அவளுடைய வெளிர்நீலப் பட்டு. புதிதாக ஒரு வெள்ளைச் சேலை, விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. குளிருக்கு ஒரு சால்வை. முழங்காலுக்கு மாட்டும் பட்டை இரண்டு. வாந்தி வந்தால் சப்ப இஞ்சி மிட்டாய்.

"வெள்ளையில வரணும்னு போட்டிருந்துதாமே. ஏங்கிட்ட வெள்ளையே இல்ல, அதான் எடுத்தேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போனில் நான் 'நாம' என்று சொல்லியிருக்கிறேன். 'நாங்க' என்று சொல்லவில்லை. போறோம் என்றால் யார் யார் என்று அந்த வார்த்தையிலிருந்து தெரியாது. நாம என்றால் தெரிந்துவிடும். அதில் அவளும் உண்டு.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "ஐயோ அக்கா, குமரவேல் நாலு பேருக்குத்தான் போட்டிருக்கான். அதுக்கு மேல எடமில்லன்னுட்டாங்களாம். அவனும் வெவரம் இல்லாமப் போட்டுட்டான்."

பெற்ற பிள்ளை தலையில் பழியைப் போட்டேன். நாக்கு ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை.

அக்கா சால்வையை மடித்தாள். மடித்ததையே திரும்பவும் மடித்தாள். "நீ நாமன்னு சொன்ன மாதிரி இருந்துது. எனக்கு இப்பம் காது வேற சரியில்ல" என்றாள். பிறகு தன் துணிகளை எடுத்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டாள். "இந்தப் பெட்டி எனக்கு எதுக்கு? நீங்க கொண்டு போங்க."

சாப்பிட்டாள். தூங்கவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

"குமரவேலுக்குப் போன் போட்டு இன்னொரு எடம் இருக்கான்னு கேளேன். மைனிய விட்டுட்டுப் போக ஒரு மாதிரி இருக்கு" என்று இவர் காலையிலேயே சொன்னார்.

கேட்டால் கிடைக்கும் என்றுதான் தோன்றுகிறது. அவ்வளவு பெரிய கப்பல். ஆனால் கேட்டால், 'பெரியம்மாதான் வரலைன்னு சொன்னாங்கன்னு சொன்னியே' என்பான். என்ன பதில் சொல்ல? மகனிடம் ஒரு பொய், அக்காவிடம் ஒரு பொய். ஒன்றை எடுத்தால் இன்னொன்றும் சேர்ந்து வரும்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கேட்டுவிட்டதாகவும் இடம் இல்லை என்றதாகவும் இவரிடம் சொன்னேன். மூன்றாவது பொய்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வரமாட்டாள் என்று நினைத்தேன். பத்து மணி பஸ்ஸுக்கே வந்து, "துணிய எல்லாம் கட்டில்ல கொண்டுவந்து போடு" என்றாள்.

கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சேலைக்குள் அதற்குரிய ஜாக்கெட்டையும் பாவாடையையும் வைத்துப் பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டாள். "அங்கன போய் ஜாக்கெட்டத் தேடிக்கிட்டு நிக்கக் கூடாதுல்லா." என் துணியில் பாதியை இவர் பெட்டியிலும், இவர் துணியில் பாதியை என் பெட்டியிலும் வைத்தாள். ஒரு பெட்டி வராமல் போனாலும் ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி இருக்குமாம். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டு பொழுது சாய்ந்துதான் அறைக்குக் கொண்டுவருவார்களாம், விடுதியில் படித்த ஒரு பெண்ணிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறாள். அதனால் மாத்திரை, ஆதார் அட்டை, கண்ணாடி, ஒரு செட் துணி எல்லாம் கைப்பையில்.

இஸ்திரிப் பெட்டியை நான் நைசாக உள்ளே செருகினேன். வெளியே எடுத்துப் போட்டாள். "கப்பல்ல தீப்பிடிச்சா எங்கன ஓடுவ?" முறுக்கு டப்பாவையும் எடுத்துவிட்டாள். ஷூவுக்குள் காலுறை, காலுறைக்குள் நகவெட்டி. மேலே கால்வாசி இடத்தை அப்படியே விட்டாள். "வரும்போது ஒனக்கு மடிக்கத் தெரியாது. திணிப்ப. அதுக்கு எடம் வேணும்."

சித்ரலேகா எனக்கு அனுப்பியிருந்த நீச்சல் உடையைப் பிரித்தபோது மட்டும் இரண்டு பேரும் சிரித்து உருண்டோம். கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் கறுப்பு ரப்பர் மாதிரி. "இத மாட்டதுக்கே ரெண்டு ஆள் வேணும் ஏட்டி!" என்றாள். சிரிப்பு நின்றபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம், சொல்லியிருக்கலாம். இந்த நோட்டு முழுக்க இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

ரயிலில் எழுதுகிறேன். கையெழுத்து ஆடுகிறது.

வழியனுப்ப அக்கா ஜங்ஷனுக்கு வந்திருந்தாள். படி ஏறி இறங்க அவ்வளவு கஷ்டப்பட்டு வர வேண்டுமா? சன்னல் ஓரம் நின்று, மாத்திரை கைப்பையில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது. ஆதார்? இருக்கிறது. வண்டி கிளம்பப் போகிற நேரம், "வேற என்னமும் இருக்கா வேணி? யோசிச்சுப் பாரு" என்றாள்.

"ஒண்ணும் இல்லக்கா."

தலையை ஆட்டினாள். வண்டி நகர்ந்ததும் கை காட்டினாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பெட்டிகள் அறைக்கு வந்து சேர ஏழரை மணி ஆயிற்று. இவருக்கு ஆறு மணி மாத்திரை கைப்பையில் இருந்தது. "மைனி இல்லன்னா நம்ம பாடு திண்டாட்டந்தான்" என்றார். எழுந்து முகம் கழுவப் போனேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கப்பலின் மேல்தளத்தில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர். குமரவேல் பகல் முழுக்கத் தூங்கினான். பாவம், ஆபீசில் அப்படி வேலை. சாயங்காலம்தான் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தானே இவ்வளவும் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, அவனாகச் சொன்னான்.

"செவ்வாக்கெழம பெரியம்மாட்ட பேசினேம்மா. 'ஏன் வரமாட்டேன்னு அம்மாட்ட சொல்லிட்டீங்க, கடைசி நேரத்துலகூட எடம் இருக்கு, வாங்க'ன்னேன். 'ஆமாலே, நாந்தான் வரலன்னுட்டேன், எனக்குத் தண்ணின்னா பயம்'னாங்க. நீ முழங்கால்னுல்லாம்மா சொன்ன?"

"ரெண்டுந்தாம்லே" என்றேன்.

தண்ணீர் என்றால் பயமாம். குறுக்குத்துறையில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடும்போதே அக்கரைக்கு நீந்திப் போய்த் திரும்பி வந்தவள்.

செவ்வாய்க்கிழமை. அப்படியென்றால் ஜங்ஷனில் நின்றபோது அவளுக்கு எல்லாம் தெரியும். இடம் இல்லை என்றது பொய், குமரவேல் மேல் போட்டது பொய், எல்லாம். தெரிந்துகொண்டுதான் சன்னல் ஓரம் நின்று வேற என்னமும் இருக்கான்னு கேட்டா. நான் ஒண்ணும் இல்லன்னேன். என்ன மனுஷி நான்? என்ன சென்மம்?

ஏன் செய்தேன்? இந்த நோட்டிலாவது எழுதிவிடுகிறேன். அப்போது சாத்தான்குளம் தபால் ஆபீசில் எனக்கு வேலை, போகவர நாலு மணி நேரம். குமரவேலை ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரைக்கும் அக்காதான் விடுதியிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டாள். ராத்திரி நான் போய்த் தூக்கினால் அவள் பக்கம் கையை நீட்டி அழுவான். இன்றைக்கும் ஊருக்கு வந்தால் பையை இங்கே போட்டுவிட்டு டவுணுக்குத்தான் ஓடுகிறான். மூணே மூணு நாள் அவன் எனக்கு மட்டும் இருக்கட்டும்னு நெனச்சேன். அவ்வளவுதான். அவள் வந்தால் அவள் பக்கத்தில்தான் உட்காருவான்.

ஆகஸ்ட் 16, சனி

வெள்ளை உடுத்தும் நாள். எனக்குத் தலைவலி என்று அறையிலேயே இருந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வீடு வந்தாயிற்று. அக்காவுக்குப் போன் செய்தேன். "நல்லா இருந்துதா? வாந்தி கீந்தி எடுக்கலியே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்பம் சரி, ரெஸ்ட் எடு" என்று போனை வைத்துவிட்டாள். எப்போதும் நான்தான் அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று வைப்பேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அவளுக்கும் சேர்த்து அவியல் வைத்தேன். வரவில்லை. கால் வலியாம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையில் அந்த மெரூன் பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு டவுண் பஸ் ஏறினேன். வண்ணார்பேட்டையிலிருந்து டவுண் போய்ச் சேரும் வரைக்கும் எப்படித் தொடங்குவது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். கடைசியில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன்.

"அக்கா, ஒனக்கும் சேத்துப் போடட்டுமான்னு குமரவேல் மொதல்லயே கேட்டான். நாந்தான் நீ வரமாட்டன்னு சொன்னேன். ஒங்கிட்ட கேக்கவே இல்ல."

"தெரியும்" என்றாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அவன் எம் பக்கத்துல ரெண்டு நாளு இருக்கட்டும்னு… வேற ஒண்ணும் இல்லக்கா. ஒன்ன வேண்டாம்னு இல்ல."

"அத எங்கிட்ட சொல்லியிருந்தா நானே வரலன்னிருப்பேனே ஏட்டி. சந்தோசமா அனுப்பியிருப்பேன்." ஒரு காம்பை ஒடித்துப் போட்டாள். "நான் பெட்டிய உருட்டிக்கிட்டு வந்து நின்னேன் பாரு. அன்னைக்காவது சொல்லியிருக்கலாம்."

அழுதேன். அவள் அழவில்லை. "சரி, விடு. முடிஞ்சுபோனதப் பேசி என்ன" என்று முதுகில் தட்டினாள். அக்காவின் கைதான். மன்னிப்புக் கேட்டேன், சரி என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு அறை அறைந்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் டவுணுக்குப் போகிறேன். அவளுக்குப் பஸ் ஏறுவது கஷ்டமாக இருக்கிறதாம்.

அக்கா நன்றாகத்தான் பேசுகிறாள். குமரவேலுக்கு வேலை மாறப் போவதைப் பற்றிக் கேட்டாள். இவருக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். விடுதியில் படித்த பெண் ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளை பிறந்ததைச் சொல்லிச் சிரித்தாள். மழை வரும் போலிருந்தது. பசித்தது. எப்போதும்போல அடுக்களை அலமாரியில் இருக்கும் மிக்சர் டப்பாவை எடுக்க எழுந்தேன்.

"நீ இரு, நீ இரு" என்று எழுந்து உள்ளே போனாள். ஒரு தட்டில் கொஞ்சம் மிக்சரும், ஒரு துண்டு அல்வாவும் வைத்து, டம்ளரில் தண்ணீரும் எடுத்துவந்து, விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி என் முன்னால் வைத்தாள்.

"எடுத்துக்கோ" என்றாள்.

எடுத்துக்கொண்டேன்.